அழுத்திப் பிடித்தால் திறக்கும்

பெட்ரோல் மூடி திறக்கவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "டேங்கில் எவ்வளவு இருக்கு?" என்பதைத்தான். எந்த வண்டி, என்ன மாடல், எத்தனை நாளாக இப்படி என்பதெல்லாம் அப்புறம். முள் பாதியில் நிற்கிறது என்றால் அவசரமில்லை, சாயங்காலம் கொண்டுவரச் சொல்வேன். சிவப்பு விளக்கு எரிகிறது, பம்பில் நிற்கிறேன், பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள் என்றால் விஷயமே வேறு. அந்த நிலைமையில் இருக்கிற மனுஷன் கையில் கிடைத்ததை எடுத்து மூடியை நெம்பிவிடுவார். நெம்பின பிறகு என்னிடம் வருவது டென்டிங்-பெயிண்டிங் வேலை. அதற்கு ஆளும் வேறு, காசும் வேறு.

செம்பூரில் சயான்–டிராம்பே ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்தது வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்; அந்த நாற்றம் எனக்கு ஒத்துவரவில்லை, கிரீஸ் நாற்றம் ஒத்துவந்தது. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்புறம் ஒரு கேரேஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். அங்கே இருந்த பெரிய மேஸ்திரி எங்களுக்கு அண்ணாச்சி. மராட்டிக்காரர்களுக்கும் வடக்கத்திப் பையாக்களுக்கும் உஸ்தாத். எஞ்சின் இறக்கி ஏற்றுகிற வேலையை அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் எல்லாரும் மதிப்பார்கள். பெட்ரோல் மூடி திறக்கிற வேலையையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் எஞ்சின் வேலைக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும். மூடி வேலைக்கு வண்டிக்காரர் தலைமேல் நின்றுகொண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். என் பட்டறையிலிருந்து மாஹுல் பக்கம் போனால் இரண்டு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். 1954-55 வாக்கில் அடுத்தடுத்து வந்தவை. பழைய ஆட்கள் இன்னும் எஸ்ஸோ, பர்மா ஷெல் என்றுதான் சொல்வார்கள். 1970களில் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அவை ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம். காற்று திரும்பினால் செம்பூர் முழுக்க அந்த நெடி. ரோட்டில் டாங்கர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்பு முளை நகரவில்லை என்பதற்காக ஒரு கார் பட்டினி கிடக்கும்.

அந்த முளையைப் பற்றித் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கம் தரையில் ஒரு லீவர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்புகிறது. சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரியேதான், உறைக்குள் ஓடுகிற முறுக்குக் கம்பி. கதவுப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் அது பின்னால் போகும். நம்முடைய ஸ்டியரிங் வலது; மாருதி, ஹுண்டாய், ஹோண்டா என்று ஊரில் ஓடுகிற முக்கால்வாசி வண்டிகளில் பெட்ரோல் மூடி இடது. அதனால் ஒயர் ஓர் இடத்தில் வண்டியைக் குறுக்கே கடந்து, டிக்கியின் பக்கச் சுவருக்குப் பின்னால் ஏறி, மூடிக்குப் பக்கத்தில் உள்ள லாட்சில் போய் முடிகிறது. இத்தனை வளைவு எடுத்துப் போகிற ஒயர் கடைசியில் செய்கிற வேலை, ஸ்பிரிங் வைத்த ஒரு முளையைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு இழுப்பது. முளை பின்வாங்கினால் மூடியின் கொக்கி விடுபடும். உள்ளே இருக்கும் இன்னொரு ஸ்பிரிங், பெரும்பாலும் ஒரு தகட்டு ஸ்பிரிங், மூடியை வெளியே தள்ளும்.

ஆக, விடுவது ஒன்று, தள்ளுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரே நொடியில் நடப்பதால் ஓட்டுகிறவருக்கு அது ஒரே வேலையாகத் தெரிகிறது. "லீவரை இழுத்தேன், வரலை" என்பார். எது வரவில்லை? அண்ணாச்சி எங்களை முதலில் கேட்கப் பழக்கியது இந்தக் கேள்விக்குப் பதில். என்னை மூடிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைக்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுப்பார்.

"சத்தம் கேக்குதாலே?"

"டக்குனு ஒண்ணு கேக்குது அண்ணாச்சி."

"அப்போ அது விட்டுட்டு. தள்ளத்தான் ஆள் இல்ல."

முளை நகர்கிற சத்தம் கேட்டால் ஒயர் சரியாக இருக்கிறது. கோளாறு தகட்டு ஸ்பிரிங்கில், அல்லது மூடியின் கீலில். சத்தமே இல்லாமல் லீவர் தொளதொளவென்று கையோடு வந்தால் ஒயர் எங்கேயோ கழன்றிருக்கிறது. லீவர் நகரவே மாட்டேன் என்று கல்லாக நின்றால் உறைக்குள் துரு, அல்லது முளை எதிலோ இறுகியிருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் வண்டியில் கை வைக்கிறவன் மெக்கானிக் இல்லை என்பது என் கட்சி. தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம், காதும் கையும் போதும்.

கல்லாக நிற்கிற லீவரை ஆவேசமாக இழுத்து, அதன் பிளாஸ்டிக் காதை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. இழுக்க இழுக்க இறுகும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தள்ளுகிற ஸ்பிரிங் மூடியை எந்நேரமும் வெளிப்பக்கம் உந்திக்கொண்டே இருக்கிறது. அந்த உந்தல் முளையின் மேல் பக்கவாட்டில் விழுகிறது. முளையில் லேசாகத் துருவோ தூசியோ இருந்தாலும் போதும், அந்தப் பக்கவாட்டு அழுத்தத்தில் அது சிக்கிக்கொள்ளும். மூடியை உள்ளங்கையால் உள்ளே அழுத்தினால் சுமை இறங்கும், முளை சும்மா நிற்கும், அப்போது இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதனால்தான் இரண்டு பேர் தேவைப்படுகிறது: ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மூடியை அழுத்தி, சட்டென்று கையை எடுக்க வேண்டும். நான் போனிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். பாதிப் பேருக்கு அங்கேயே திறந்துவிடும். எனக்கு வரும்படி இல்லை, ஆனால் அடுத்த முறை கிளட்ச் போனால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

பம்பில் வேலை பார்க்கிற பையன்களுக்கும் இந்த வித்தை தெரியும், ஆனால் அவர்கள் அழுத்துவதில்லை, குத்துவார்கள். முஷ்டியால் ஒரு குத்து. அதிர்ச்சியில் முளை சில நேரம் விடும். பழைய தகடாக இருந்தால் தாங்கும். இப்போது வருகிற வண்டிகளின் மெல்லிய தகட்டில் குத்தின இடம் குழியாகவே நின்றுவிடுகிறது.

அழுத்தியும் வராவிட்டால் வெளிப்பக்கத்தை மறந்துவிட வேண்டும். செட்டா நகரில் ஒரு மாமி, வங்கியில் இருந்து ரிடையர் ஆனவர், தானே வண்டி ஓட்டுவார். மறுநாள் விடியற்காலை புனேயில் கல்யாணம். ராத்திரி பெட்ரோல் போடப் போனவர் வெறுங்கையோடு திரும்பிவந்து எனக்குப் போன் செய்தார். முருகன் கோயில் பக்கத்துக் கட்டடம்தான், நடந்தே போனேன்.

"ஏம்ப்பா, உடைக்காம தொறந்துடுவியா?"

"உடைக்கிறதுக்கு நான் எதுக்கு மாமி, கீழ வாட்ச்மேன் போதுமே."

லீவரைத் தொட்டதும் தெரிந்துவிட்டது, தொளதொளவென்று வந்தது. டிக்கியைத் திறந்தோம். குடைகள், ஒரு தூக்குவாளி, பழைய பேப்பர் கட்டு, கொலுவுக்கு வைத்த மரப்படி. எல்லாவற்றையும் இறக்கினால்தான் இடதுபக்கச் சுவர் தெரியும். அந்தச் சுவரை மூடியிருக்கும் அட்டை பிளாஸ்டிக் கிளிப்புகளில் நிற்கிறது. கிளிப்பின் நடுக்கொண்டையை முதலில் தூக்கிவிட்டு அப்புறம் முழுசாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகப் பிடுங்கினால் உடையும். பழைய வண்டிகளில் எப்படிப் பிடுங்கினாலும் ஒன்றிரண்டு உடையும் என்பதால் சட்டைப்பையில் நாலைந்து உதிரி வைத்திருப்பேன்.

அட்டையை விலக்கிவிட்டுக் கையை உள்ளே விடுவதற்கு முன் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்வது முக்கியம். உள்தகட்டின் விளிம்புகளை யாரும் மழுக்கி வைத்திருக்க மாட்டார்கள். பிளேடு போல இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத இடம், விரல்தான் பார்க்க வேண்டும். முதலில் பெட்ரோல் ஊற்றுகிற குழாய் தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கிண்ணம் மாதிரியான பகுதியின் பின்புறம். அதன் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதுதான் லாட்ச். அதன் முதுகில் ஒயரின் நுனி, ஒரு சின்னக் குண்டோடு. நோஸ் பிளையரால் அந்தக் குண்டைக் கவ்வி ஒயர் போகிற திசையிலேயே இழுக்க வேண்டும். மாமியை வெளியே மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன்.

"அழுத்துங்க மாமி. இப்ப விடுங்க."

"தொறந்துடுத்துப்பா!"

லீவருக்கு அடியில் ஒயரின் உறையைப் பிடித்துக்கொள்ளும் காது உடைந்திருந்தது. உறை நிற்காவிட்டால் ஒயரை இழுக்கும்போது உறையும் சேர்ந்து நகரும்; அந்தப் பக்கம் முளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்த நேரத்தில் கடை ஏது? லாட்சின் முதுகில் ஒயர் குண்டுக்குப் பின்னால் ஒரு நைலான் கயிற்றை முடிந்து, அட்டையின் ஓட்டை வழியாக டிக்கிக்குள் கொண்டுவந்து, நுனியில் ஒரு வளையம் போட்டுக் கொடுத்தேன். புனே போய்வந்து பட்டறைக்கு வருகிறேன், சரியாகப் போட்டுவிடு என்றார். வரவில்லை. பல மாதம் கழித்துக் கோயில் வாசலில் பார்த்தபோது கேட்டேன். "கயிறு நன்னாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார். மும்பையில் தற்காலிகம் என்று எதையும் சொல்லக் கூடாது.

டிக்கி வழியாகப் போக முடியாத வண்டிகளும் உண்டு. சிலவற்றில் சுவருக்குப் பின்னால் சிஎன்ஜி கேஸ் சிலிண்டரின் ஸ்டாண்ட் மறைத்துக்கொண்டிருக்கும். அப்போது லீவர் பக்கத்தில் கதவுப் படியின் பட்டையைக் கழற்றி, ஒயரின் முன்நுனியைப் பிளையரால் நேராக இழுத்துப் பார்ப்பேன். லீவர்தான் உடைந்திருக்கிறது என்றால் அதிலேயே திறந்துவிடும். தகட்டு ஸ்பிரிங் செத்துப்போன வண்டியில் மட்டும் வெளியிலிருந்து வேலை செய்யலாம்: மூடியின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து, உள்ளே ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்திருக்கும்போது மெல்ல நெம்பினால் போதும். கார்டு உடைந்தால் உடையட்டும். பேச்கஸ்ஸை, அதாவது ஸ்க்ரூடிரைவரை, நுழைத்தால் உடைவது பெயிண்ட். கடற்காற்று அடிக்கிற ஊரில் ஒரு கீறலில் தகடு வெளியே தெரிந்தால் ஒரே மழைக்காலத்தில் துருப் பூத்துவிடும்.

டிரில் போட்டு ஓட்டை போடலாமா, கிரைண்டரால் கொக்கியை அறுத்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. லைட்டரை வைத்துச் சூடுகாட்டினால் துரு இளகும் என்று சொன்ன ஒருவரை நான் பட்டறைக்கு வெளியே நிற்கவைத்துத்தான் பேசினேன். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்குப் போனாலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு. மும்பையின் மே மாத வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலைந்துவிடாமல் பள்ளம் பார்த்துத் தங்கும். மூடிக்குப் பின்னால் இருக்கிற கிண்ணம் ஒரு பள்ளம். டேங்கின் உள்மூடியில் ரப்பர் வெடித்திருந்தால் ஆவி கசிந்து அங்கேதான் நிற்கும். ஒரு பொறி போதும். மூடி திறக்கவில்லை என்பதற்காக யாரும் சாக வேண்டியதில்லை.

மூடி இப்படி இறுகிப்போவதற்கு மும்பைக்கு என்றே சில காரணங்கள் உண்டு. முதலாவது கேஸ். மகாநகர் கேஸ் கம்பெனி 1995இல் தொடங்கியது. உயர்நீதிமன்றம் புகை விஷயத்தில் கண்டிப்பு காட்டியதை அடுத்து, 2000ஐ ஒட்டிய வருடங்களில் கறுப்பு-மஞ்சள் டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறின. பிரீமியர் பத்மினிகளே கேஸில் ஓடின. அவற்றுக்குப் பின்னால் வந்த சான்ட்ரோ, வேகன்-ஆர் டாக்சிகளும் கேஸ்தான். கேஸ் மலிவு, டாக்சிக்காரர் பெட்ரோல் பம்பு இருக்கிற பக்கமே திரும்ப மாட்டார். ஆனால் பெரும்பாலான கிட்டுகளில் வண்டி ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்; எஞ்சின் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் தீர்ந்து, ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். கேனில் வாங்கிவந்து ஊற்றலாம் என்று லீவரை இழுத்தால் மூடி வராது. மழை, தூசி, மழை என்று ஒரு வருஷத்துக்கு மேல் அந்த முளை அசையாமல் கிடந்திருக்கும்.

இப்படி ஒரு காலையில் தாராவி 90 அடி ரோட்டில் நின்ற டாக்சியைப் பார்க்கப் போனேன். டிரைவர் ஜோன்பூர்க்காரர், "பாய், டக்கன் ஜாம் ஹை" என்று, மூடி இறுகிவிட்டதாகத் தட்டித் தட்டிக் காட்டினார். இந்த மாதிரி மூடிக்கு அவசரம் ஆகாது. துரு இளக்குகிற ஸ்பிரேயின் மெல்லிய குழாயை முளை இருக்கிற பக்கத்து இடுக்கில் வைத்து அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். அவர் டீக்கு வர மறுத்து வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். சவாரி போகிற கவலை. திரும்பிவந்து இன்னொரு முறை அடித்து, உள்ளங்கையால் மூடியைச் சுற்றிலும் தட்டி, அழுத்தி அழுத்தி விட்டு, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். மூடி வந்தபோது உள்ளே முளையைச் சுற்றிக் கறுப்புக் களிம்பு. யாரோ எஞ்சின் ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறார்கள். ஆயில் தூசியைப் பிடித்துக்கொண்டு காலப்போக்கில் பசையாகிவிடும். பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளை கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

கம்பெனியிலிருந்தே கேஸ் பொருத்தி வருகிற வண்டிகளில் இதற்கு நேர்மாறான கூத்து. கேஸ் நிரப்புகிற வாயும் பல வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குள்ளேயே இருக்கிறது. கேஸ் ஏறும்போது எஞ்சின் ஓடக் கூடாது என்பதற்காக மூடியில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். மூடி திறந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடி முழுசாக உட்காராமல் ஒரு நூல் தூக்கி நின்றாலும் ஸ்விட்ச்சுக்கு அது திறந்த மூடிதான். பாட்டரி மாற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் என்னிடம் வந்த ஒரு வண்டியை மூடியில் கை வைத்து அழுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். அந்த வண்டிக்காரர் முகத்தில் வந்தது சந்தோஷமா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மாட்டுங்கா காந்தி மார்க்கெட் சாதாரண மழைக்கே குளமாகிற இடம். அன்றைக்குச் சயான், குர்லா, கலினா எல்லாம் சேர்ந்து முங்கின. அப்புறம் மாசக்கணக்கில் எங்களுக்கு வேலை. எஞ்சினைப் பிரித்தோம், சீட்டைக் கழுவினோம், கார்ப்பெட்டை வெயிலில் போட்டோம். கதவுப் படிக்குள் போன சாக்கடைத் தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. ஒயரின் உறையில் தாழ்வான இடம் அதுதான். அங்கே தங்கின ஈரம் கம்பியை மெல்ல மெல்லத் தின்றது. அடுத்த வருஷம் லீவர் கனமாக இருக்கிறது, மூடி வரவில்லை என்று ஒவ்வொன்றாக வந்தன. அண்ணாச்சி நோட்டில் வண்டி நம்பரைப் பார்ப்பார், "இது முங்கின வண்டி, ஒயரை முழுசா மாத்து" என்பார். வேறு பேச்சில்லை. உறைக்குள் துரு பிடித்த ஒயருக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவது ஒரு மாசத்துக்குத்தான் வரும்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பெயிண்ட் பட்டறைக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள். பின்பக்கம் இடிபட்ட வண்டியைத் தகடு தட்டி, பட்டி வைத்து, மூடியை மூடியபடியே மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். மூடிக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பெயிண்ட் இறங்கி, காய்ந்து, இரண்டையும் ஒட்டிவிடும். சில வேளை பட்டி ஏறி அந்தப் பக்கம் தடித்து மூடி உரசும். டெலிவரி எடுக்கிறபோது பளபளப்பைத்தான் பார்ப்போம். டேங்கில் பெட்ரோல் இருக்கும். ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். மெல்லிய பிளேடை இடுக்கில் சுற்றிலும் ஓட்டி, அந்தப் பெயிண்ட் படலத்தை அறுத்தெடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, கை நடுங்கினால் புதுப் பெயிண்டில் கோடு. மூடியைத் திறந்துவைத்து விளிம்பைத் தனியாக அடித்தால் அவர்களுக்கு என்ன, கால் மணி நேரம் கூடுதலாகும். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

லீவரே இல்லாத வண்டிகள் இப்போது அதிகம். சென்ட்ரல் லாக்கோடு மூடியும் பூட்டித் திறக்கும், அல்லது பட்டனை அமுக்கினால் குட்டி மோட்டார் முளையை இழுக்கும். ஒயர் துரு பிடிக்கிற தொல்லை போய்விட்டது, எலி ஒயரைக் கடிக்கிற தொல்லை வந்திருக்கிறது. கதவுகளைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டே மூடியை அழுத்திப் பாருங்கள். மோட்டாருக்குத் தெம்பு குறைந்திருந்தால் அந்த உதவியில் இழுத்துவிடும். இல்லாவிட்டால் ஃப்யூஸ். அதற்கும் வழியில்லை என்றால், இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் டிக்கியின் அட்டைக்குப் பின்னால் ஒரு அவசரக் கயிறு கம்பெனியே வைத்திருக்கும். கூட வருகிற புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கும். மாமிக்கு நான் கட்டிக்கொடுத்த நைலான் கயிற்றைத்தான் பெரிய பெரிய கம்பெனிகள் நிறம் போட்டுக் கட்டி வைத்திருக்கின்றன என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சர்வீஸ் சென்டரில் இதற்கு லாட்ச், ஒயர், லீவர் எல்லாம் முழு செட்டாக மாற்றச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உடைந்த காதை மட்டும் தனியாக விற்க அவர்களிடம் பார்ட் நம்பர் கிடையாது. குர்லா சிஎஸ்டி ரோட்டில் பிரித்துப்போட்ட வண்டிகளின் லாட்ச் மலிவாகக் கிடைக்கும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். காது மட்டும் போயிருந்தால் தாராவியில் ஒரு லேத்தில் நைலான் ராடைக் கடைந்து வாங்கிவிடுவேன். கம்பெனி சரக்கைவிடத் தடிமனாக இருக்கும், பார்க்க லட்சணமாக இருக்காது. யார் பார்க்கப் போகிறார்கள், சீட்டுக்குக் கீழே?

பத்மினியில் இந்தத் தொல்லையே இல்லை என்று பழைய டாக்சிக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். உண்மைதான், உள்ளேயிருந்து இழுக்கிற ஒயர் என்ற ஒன்று அதில் கிடையாது. இறங்கிப்போய்க் கையால் திறக்க வேண்டியதுதான். ஆனால் ராத்திரி தெருவில் நிறுத்திவிட்டுப் போனால் யார் வேண்டுமானாலும் குழாயை விட்டு உறிஞ்சிவிடலாம் என்பதால் சாவி போட்ட மூடி வாங்கி மாட்டினார்கள். சாவி தொலைந்து எங்களிடம் வந்த பத்மினிகள் கொஞ்சமா? 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 20 வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபர் கடைசியில் ஓட்டத்தை நிறுத்தியபோது எல்லாரும் படம் எடுத்தார்கள், பாட்டுப் போட்டார்கள். எனக்கு அந்தச் சாவிகள்தான் ஞாபகம் வந்தன.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மே மாதக் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன்னால், மூடியைத் திறந்து முளையைத் துணியால் துடைத்து வெள்ளை கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். கேஸில் ஓடுகிற வண்டியாக இருந்தாலும் மாதம் ஒருமுறை கொஞ்சம் பெட்ரோல் போடுங்கள். மூடியும் அசையும், டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்பும் வறண்டு கருகாமல் பிழைக்கும். பெயிண்ட் வேலைக்குக் கொடுத்த வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, காசை எண்ணுவதற்கு முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லீவர் கனமாகத் தொடங்கியதும் காட்டிவிடுங்கள், கல்லாகிற வரை காத்திருக்க வேண்டாம். அப்படியும் ஒருநாள் மாட்டிக்கொண்டால் வண்டியை ஓரம் கட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் அழுத்திப் பாருங்கள். வராவிட்டால் பேச்கஸ்ஸைத் தேடாதீர்கள், டிக்கியைத் திறங்கள்.